நின்றுகொண்டு தின்றது

என் மனைவியோடு வாய்க்கால் கரையில் பாலம் வரை நடந்துபோய்த் திரும்புவதன் விலை ஒன்பது கிலோ. அதற்கு விலையே கிடையாது என்றுதான் முப்பது வருஷமாக நினைத்திருந்தேன். எலும்பு டாக்டரம்மா என் முழங்கால் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கையோடு விலையைச் சொல்லிவிட்டார்.

"தொண்ணூத்தெட்டு இருக்கீங்க. எண்பத்தொன்பதுக்கு வாங்க, முட்டியை மாத்திடலாம். அதுக்கு மேல இருந்தா நான் கத்தியைத் தொடமாட்டேன்."

"ஏழுல முடிச்சுக்கலாமே டாக்டர்."

"எதை?"

"அந்த ஒன்பதை."

டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார். "அவர் எல்லா இடத்துலயும் இப்படித்தாங்க. நீங்க கண்டுக்காதீங்க" என்றாள் அவள்.

"ஒன்பதரைன்னு எழுதிடட்டுமா?" என்று டாக்டரம்மா பேனாவைத் திறந்தார்.

"வேணாம் வேணாம். ஒன்பதே இருக்கட்டும்" என்றேன். எதிரில் இருப்பவர் வியாபாரம் தெரிந்தவர் என்றால் சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிடுவது என் வழக்கம்.

ஆறு மாதம் தவணை. ஆறு மாதம் கழித்து ஒரு தேதி எனக்கென்று குறிக்கப்பட்டது. அன்றைக்கு எடை இறங்கியிருக்காவிட்டால் அந்தத் தேதி அடுத்தவருக்குப் போய்விடும், மறுபடி வரிசையில் நின்றால் ஒரு வருஷத்துக்குக் குறையாது.

வாய்க்கால் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு முடிகிற இடத்திலிருந்து பாலம் வரை ஆறு பெஞ்சுகள். கடை அடைத்த பிறகு நானும் அவளும் ஆறையும் தாண்டிப் போய்ப் பாலத்தில் கை வைத்து நிற்போம். பேசியதையே பேசுவோம். தண்ணீர் போன வருஷத்தைவிட அதிகம் என்பாள், குறைவு என்பேன். திரும்பிவிடுவோம். இரண்டு வருஷமாக நான் முதல் பெஞ்சோடு சரி. அவள் மட்டும் பாலம் வரை போய்வந்து அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்வாள். நன்றாகத்தான் சொல்வாள். ஆனாலும் சரக்கைப் பார்க்காமல் பட்டியலை மட்டும் படித்துக் காட்டினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

என் தொழில் உலர்பழமும் பருப்பும். பாதாம், பிஸ்தா, முந்திரி, அத்தி, பேரீச்சை, திராட்சை, ஓரத்தில் கொஞ்சம் தேன். மூட்டை மூட்டையாக வாய் திறந்து வைத்திருக்கும். சந்தையில் என்னை 'நாக்கு' என்பார்கள். ஒரு பாதாமை வாயில் போட்டால் அது எந்த அறுவடை, எத்தனை மாதம் கிடங்கில் கிடந்தது, பக்கத்தில் என்ன சரக்கு கிடந்தது என்று சொல்லிவிடுவேன். என் அப்பாவின் கடையில் கற்றது அது. அங்கே கற்ற இன்னொன்று: கடைக்காரன் முதலில் தன் வாயில் போட வேண்டும், பிறகு வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் சந்தையில் அது எழுதாத சட்டம். கடைக்காரன் தொடாத மூட்டையை யாரும் தொடமாட்டார்கள்.

ஆகவே இளைப்பது எப்படி என்று யாரிடமும் கேட்கிற நிலையில் நான் இல்லை. ஊரில் இளைக்க நினைக்கிறவர்கள் எல்லாம் என் கடைக்குத்தானே வருகிறார்கள்? காலையில் மூச்சு வாங்க ஓடிவிட்டு, வியர்வை காயாமல் வந்து நின்று, "அண்ணே, சுத்தமான சாப்பாடா என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். நான் கையை விரித்து மூட்டைகளைக் காட்டுவேன். சர்க்கரை போடாதது, எண்ணெயில் பொரிக்காதது, சாயம் ஏற்றாதது. மரத்திலிருந்து மூட்டை, மூட்டையிலிருந்து வாய்.

டாக்டரம்மாவிடமிருந்து வந்த அன்றே ஒரு நோட்டு வாங்கி, நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் 'சுத்தம்', வலது பக்கம் 'அழுக்கு' என்று தலைப்புப் போட்டேன். ஆறு மாதமும் வலது பக்கம் வெள்ளையாகவே இருக்கும் என்று அவளிடம் சொன்னேன்.

அழுக்கு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. என் கடைக்கு நேர் எதிரே என் மச்சினன், அதாவது அவளுடைய தம்பி, பேக்கரி வைத்திருக்கிறான். வெள்ளை மாவு, வெண்ணெய், சர்க்கரை, கிரீம், அதற்கு மேலே சிவப்பாக ஒரு பழம். அது பழம்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். அவனோ மாவு உருட்டுகிற கட்டை மாதிரி ஒல்லியாக இருப்பான். தினமும் சரியாக நாலு மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு, கடை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு கிரீம் பன்னை எனக்கு எதிரில், என் கண் எதிரில், கால் மணி நேரம் தின்பான்.

"மாமா, ஒரு பன்னு தரட்டா?"

"அழுக்கு வேணாம்."

"குளிச்சிட்டுத்தான் மாமா சுட்டேன்."

"மாப்ளே, நீ தினம் விஷம் திங்கிறே. உடம்பு ஒருநாள் கணக்கு கேக்கும்."

"கேக்கட்டும். அழுக்கைத் தின்னுட்டு நான் அறுபத்திரெண்டு. சுத்தத்தைத் தின்னுட்டு நீங்க தொண்ணூத்தெட்டு. முதல்ல யாரைக் கேக்கும்னு நினைக்கிறீங்க?"

இப்படிப்பட்டவர்களோடு தெருவின் குறுக்கே நின்று வாதாடினால் வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். நான் மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. காலையில் வேகவைத்த முட்டை ஒன்று, ஒரு துண்டு ரொட்டி. மதியம் காய்கறியும் ஒரு துண்டு மீனும். இரவில் சூப். அந்த சூப்பில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அவளும் எனக்காக அதையே குடித்தாள். உட்கார்ந்து சாப்பிட்ட ஒவ்வொரு கவளத்தையும் நோட்டில் எழுதினேன். வலது பக்கம் நான் சொன்னபடியே வெள்ளையாக இருந்தது.

ஆறு வாரம் கழித்து டாக்டரம்மாவின் எடை மெஷினில் ஏறினேன். தொண்ணூத்தெட்டு கிலோ அறுநூறு.

"உங்க மெஷினுக்கு முத்திரை போட்டு எத்தனை வருஷம் ஆச்சு டாக்டர்?" என்று கேட்டேன். எடையில் சந்தேகம் வந்தால் நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

அவர் மெஷினில் தான் ஏறிக் காட்டினார், என் மனைவியை ஏற்றிக் காட்டினார். அவள் மூன்று கிலோ குறைந்திருந்தாள். என் முட்டிக்காகக் குடித்த சூப் அவளுக்கு வேலை செய்திருக்கிறது. பிறகு டாக்டரம்மா என் நோட்டைப் புரட்டினார்.

"இதுல எழுதினதை மட்டும்தான் சாப்பிட்டீங்கன்னா, நீங்க காத்தைக் குடிச்சே குண்டாகறீங்க."

"எல்லாமே சுத்தமான சாப்பாடு டாக்டர். அழுக்குப் பக்கம் பாருங்க, ஒரு எழுத்து இல்ல."

"சுத்தமா சாப்பிடறது நல்லதுதான். சத்து இருக்கு, சீக்கிரம் பசிக்காது, ரத்தத்துக்கு நல்லது. யார் இல்லேன்னா? ஆனா இந்த மெஷினுக்குச் சுத்தம் அழுக்கு தெரியாது. எவ்வளவுன்னு மட்டும்தான் தெரியும். தங்கத்துலயே செங்கல் செஞ்சு தலையில வெச்சாலும் கழுத்து வலிக்கத்தான் செய்யும்."

நல்ல பேச்சு. ஆனால் செங்கல் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இன்னும் இருபது வாரம்தான் பாக்கி என்று சொல்லி அனுப்பினார். அன்று மாலை முதல் பெஞ்சில் உட்கார்ந்து, அவள் பாலத்தை நோக்கிப் போய்ச் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னைவிட வேகமாக நடந்தாள். மூன்று கிலோ குறைந்தவள் நடக்க மாட்டாளா?

அந்த வாரம்தான் கடையில் இருப்பு எடுத்தாள். கடைக் கணக்கு முழுக்க அவள் கையில். ஒவ்வொரு மூட்டையிலும் வந்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பாள். கொஞ்சம் குறைவது எப்போதும் உண்டு. ஈரம் காயும், தூசு உதிரும், தராசில் ஒட்டும். அதைச் சேதாரம் என்று எழுதித் தள்ளிவிடுவோம். இந்தத் தடவை அவள் பேனாவைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் எல்லாவற்றையும் நிறுத்தாள்.

"என்னங்க, ஆறு வாரத்துல அஞ்சு கிலோ முன்னூறு காணோம்."

"எதுல?"

"பாதாம், பிஸ்தா, அத்தி. மத்ததெல்லாம் சரியா இருக்கு."

"எலி" என்றேன் உடனே.

"ரெண்டாம் தர பாதாம் மூட்டை பக்கத்துலதானே இருக்கு? அதுல ஒரு கிராம் குறையல."

"முதல் தரத்தைத் தின்னு பழகின எலியா இருக்கும்."

நான் பொறி வாங்கி வந்தேன். பாதாமையே தின்கிற எலிக்குப் பாதாம் வைத்துப் பயனில்லை என்று மச்சினனிடம் ஒரு பன் வாங்கி, கிரீம் பக்கமாகப் பிய்த்து வைத்தேன். காலையில் பன் வைத்தபடியே இருந்தது. இரண்டாவது நாளும் அப்படியே.

"இது அழுக்கைத் தொடாத எலிங்க" என்றாள் அவள், பொறியைக் குனிந்து பார்த்துக்கொண்டே. "ரொம்பக் கட்டுப்பாடான எலி."

மறுநாள் காலை அவளும் என்னோடு கடைக்கு வந்தாள். எலியைக் காவல் காக்கப் போவதாகச் சொல்லிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு காலி கண்ணாடிப் புட்டியோடு உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வியாபாரம் சூடு பிடித்திருந்தது, கவனிக்கவில்லை. யாராவது வந்து நின்றால் நான் மூட்டையில் கை விட்டு நாலைந்தை வாயில் போட்டுக்கொண்டு, அவர்கள் கையில் இரண்டு வைப்பேன். அவளும் எழுந்து வந்து அதே மூட்டையில் கை விட்டு எதையோ எடுத்துப் புட்டியில் போடுவாள். வீட்டுக்கு எடுக்கிறாள் போல என்று விட்டுவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் மணி கேட்க வந்தார், அவரோடு இரண்டு பிஸ்தா. தபால்காரர் கடிதம் கொடுத்தார், அவரோடு ஒரு அத்திப்பழம். அவர் வேண்டாம் என்றார், அவருடையதையும் நானே போட்டுக்கொண்டேன்.

கடை அடைக்கும்போது புட்டி முக்கால்வாசி நிறைந்திருந்தது. அதைத் தராசில் கவிழ்த்தாள். நூத்தம்பத்தஞ்சு கிராம்.

"எலியைப் பிடிச்சாச்சு" என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்த பிறகு, கையும் களவுமாகப் பிடிபட்டவன் செய்கிறதையே நானும் செய்தேன். குரலை உயர்த்தினேன்.

"இது சாப்பாடா? இது வியாபாரம்! நான் வாயில போடலேன்னா அவன் வாங்குவானா? உட்கார்ந்து தின்னா சாப்பாடு. நின்னுகிட்டு தின்னா தொழில். எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான்."

"உங்க வயித்துக்கு நாற்காலி தெரியுமா? நிக்கிறீங்களா உட்கார்ந்திருக்கீங்களான்னு அது எட்டிப் பாக்குமா?"

"ஒரு பாதாம் ஒரு கிராம்கூட சரியா இருக்காது."

"ஆமா. நூத்தம்பத்தஞ்சு தடவை சரியா இல்ல."

தெருவைத் தாண்டி மச்சினன் வந்துவிட்டான். சத்தம் கேட்டால் வராமல் இருக்க அவனால் முடியாது. தராசைப் பார்த்தான், புட்டியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். கேள்வியே கேட்காமல் புரிந்துகொண்டான்.

"அக்கா, இது எத்தனை பன்னுக்குச் சமம்?"

"மூணுக்குக் குறையாதுடா தம்பி."

"நான் ஒன்னு தின்னதுக்கு எனக்கு விஷம்னு பேரு" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கப்பட்டான். "உங்க தப்பு இல்ல மாமா. சரக்கோட தப்பு. என் தட்டுல இருபத்துநாலு பன்னு அடுக்கி வெக்கிறேன். ஒன்னு எடுத்தா பள்ளம் தெரியும். ஓடி ஒளிய முடியாது. உங்க மூட்டையில ஒரு கை அள்ளினா என்ன தெரியும்? பக்கத்துல இருக்கிறது உருண்டு வந்து மூடிக்கும்."

இருபது வருஷத்தில் அவன் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அது. உள்ளூர எனக்கு இன்னொன்றும் தெரிந்தது, அதை அவர்களிடம் சொல்லவில்லை. முன்பெல்லாம் ஒருவருக்கு இரண்டு பாதாம்தான் நான் தின்பேன். சூப் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் நாலைந்து ஆகியிருந்தது. பசியோடு கடையில் நிற்கிறவனுக்கு வழியில் போகிறவர் எல்லாம் வாடிக்கையாளராகத் தெரிவார்கள்.

சரி, இனி தொட மாட்டேன் என்று முடிவு செய்தேன். மறுநாளே வினை வந்தது.

ஒரு பெரிய ஹோட்டலுக்குச் சரக்கு வாங்குகிறவர் எங்களிடம் மாதம் ஒருமுறை வருவார். சந்தேகப் பேர்வழி. ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஆள். பாதாம் மூட்டையைக் காட்டினேன். கையில் வைத்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சாப்பிடல?"

"இல்லைங்க, நீங்க பாருங்க."

"ஏன்?"

"டாக்டர் வேணாம்னுட்டாங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் கையில் இருந்த பாதாமை மெதுவாக மூட்டையிலேயே போட்டார். "அப்புறம் வரேன்" என்றார். எங்கள் தொழிலில் 'அப்புறம்' என்று ஒரு நாள் காலண்டரில் கிடையாது. மாலைக்குள் சந்தை முழுக்கப் பேச்சு: நாக்கு தன் சரக்கைத் தானே தொடுவதில்லையாம், டாக்டரே தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம், மூட்டையில் ஏதோ மருந்து அடித்திருக்கிறார்களாம். மூன்று நாள் ஈ ஓட்டினேன்.

"தின்னா முட்டி போகுது, திங்கலேன்னா கடை போகுது" என்று அவளிடம் சொன்னேன்.

"நடுவுல ஒன்னும் இல்லியா?"

"வியாபாரத்துல நடுவுல தரகன்தான் இருப்பான்."

நாலாம் நாள் ஒரு அம்மாள் வந்தார். வீட்டில் கேக் செய்து விற்கிறவர். அத்திப்பழம் கேட்டார். அவரும் என் வாயைப் பார்த்தார். வதந்தி அவர் வரைக்கும் போயிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பழத்தை விரலில் உருட்டிக்கொண்டிருந்தேன். உருட்டின அழுத்தத்தில் அது பிளந்துகொண்டது. உள்ளே தேன் நிறத்தில், விதை விதையாக, பூச்சி புழு எதுவும் இல்லாமல் பளிச்சென்று இருந்தது. அந்த அம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"உள்ள இப்படியா இருக்கும்? யாருமே பிளந்து காட்டினதில்லையே!"

நான் ஒரு பாதியை அவர் கையில் வைத்து, மறு பாதியை என் வாயில் போட்டேன். நாக்குக்குப் பாதி போதும். பாதி என்ன, கால்வாசி போதும். முழுசாகக் கேட்டது நாக்கு அல்ல என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அந்த அம்மாள் இரண்டு கிலோ வாங்கினார், விலை குறைக்கச் சொல்லவே மறந்துவிட்டார்.

அன்றிலிருந்து அதுதான் முறை. பாக்குவெட்டி மாதிரி ஒரு சின்ன வெட்டி வாங்கி வைத்தேன். ஒரே ஒரு பாதாம். வாடிக்கையாளர் கண் எதிரில் இரண்டாக வெட்டி, உள்ளே வெள்ளையைக் காட்டி, அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. மூட்டையில் கை விட்டு அள்ளித் தின்பவனை நம்புவதைவிட உள்ளே திறந்து காட்டுகிறவனை ஜனங்கள் அதிகம் நம்புகிறார்கள். ஹோட்டல்காரர் அடுத்த மாதம் திரும்பி வந்தார். பாதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பத்து கிலோ எழுதச் சொன்னார். மணி கேட்க வருகிறவருக்கு மணி மட்டும் சொன்னேன்.

அவள் புட்டியை எடுத்துப் போகவில்லை. நான் தின்கிற ஒவ்வொரு பாதிக்கும் இன்னொரு பாதி அதில் விழும். மாலையில் தராசு. முதல் வாரம் நாற்பது கிராம், பிறகு முப்பத்தைந்து. அதையும் நோட்டில் எழுதினேன். பழைய தலைப்புகளை அடித்துவிட்டேன். இடது பக்கம் 'உட்கார்ந்து', வலது பக்கம் 'நின்று'. நான் பார்த்த கணக்குகளிலேயே யோக்கியமான கணக்கு அது, எங்கள் கடைக் கணக்கையும் சேர்த்து.

சூப்பையும் அவள் திருத்தினாள். காய்கறியும் பருப்பும் கூடுதலாகப் போட்டு, கரண்டி நிற்கிற பதத்துக்குக் கொண்டுவந்தாள். வயிறு நிறைந்தவனுக்கு மூட்டை சும்மா மூட்டையாகத் தெரிந்தது.

புதன்கிழமை நாலு மணிக்கு மட்டும் நான் தெருவைத் தாண்டுவேன். மச்சினன் இன்னொரு முக்காலி போடுவான். ஒரு கிரீம் பன், அவளுக்கும் எனக்குமாகச் சேர்த்து.

"அழுக்கு எப்படி மாமா?"

"மேல இருக்கிறது பழமா இல்லியாடா?"

"சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க. நாக்குன்னு பேர் எடுத்தவர் நீங்கதானே."

நாக்கால்கூடச் சொல்ல முடியவில்லை. ஆனால் நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பன்னைத் தின்ற அரை மணி நேரத்தில் மறுபடி பசிக்கும், ஒரு கைப்பிடி பாதாம் என்றால் இரவு வரை தாங்கும். சுத்தத்தைப் பற்றி நான் வாடிக்கையாளர்களிடம் சொன்னதெல்லாம் பொய்யில்லை. கை எவ்வளவு பெரியது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன். இப்போது அதையும் சொல்கிறேன். "அண்ணே, எவ்வளவு சாப்பிடலாம்?" என்று கேட்டால், உள்ளங்கையில் நிறுத்துக் காட்டி, "இவ்வளவுதான்" என்கிறேன். ஒரு கிலோ வாங்க வந்தவர் அரை கிலோ வாங்குகிறார். ஆனால் மறுமாதமும் வருகிறார்.

எடை ஒரேயடியாக இறங்கவில்லை. வாரத்துக்கு நானூறு, ஐந்நூறு. ஒரு வாரம் ஒன்றுமே இல்லை, அடுத்த வாரம் சேர்த்துக் கொடுத்தது. மூன்றாம் மாதம் முடிகிறபோது இரண்டாவது பெஞ்சு வரை போனேன். ஐந்தாம் மாதம் மூன்றாவது. மூன்றாவது பெஞ்சிலிருந்து பார்த்தால் பாலத்தின் கைப்பிடி தெரிகிறது என்பதையே மறந்திருந்தேன்.

குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்பு கடைசி எடை. செருப்பைக் கழற்றி, பெல்ட்டைக் கழற்றி, சில்லறையை மேஜையில் கொட்டி, கைக்கடிகாரத்தையும் அவிழ்த்துவிட்டு ஏறினேன். எண்பத்தொன்பது கிலோ நானூறு.

"இருங்க, இருங்க" என்று இடுப்பிலிருந்து கடைச் சாவிக்கொத்தை அவிழ்த்து அவளிடம் கொடுத்தேன். கிடங்குச் சாவி, கதவுச் சாவி, அப்பா காலத்துப் பூட்டின் சாவி. எண்பத்தொன்பது கிலோ நூறு.

அதற்கு மேல் கழற்ற என்னிடம் பல்தான் இருந்தது. டாக்டரம்மா முள்ளைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஆறு மாதம் முன்பாக இருந்தால் வாயைத் திறந்திருப்பேன். அன்றைக்கு ஏனோ பேரம் பேச நாக்கு எழவில்லை.

"உங்க கடையில ஒருத்தர் நூறு கிராம் குறைவா கொண்டுவந்து போட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். "பழைய புத்தி மாறாத ஆளா இருந்தா திருப்பி அனுப்பிடுவேன் டாக்டர். பாதி வழியில மாறின ஆளா இருந்தா வெச்சுக்குவேன்" என்றேன்.

"அப்போ வெச்சுக்கறேன். நூறு கிராம் கொசுறு. உங்க வீட்டம்மா முகத்துக்காக."

"இன்னொரு நூறு சேத்துப் போட்டீங்கன்னா..." என்று ஆரம்பித்தேன். அவள் சாவிக்கொத்தால் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அன்று மாலை கடையைச் சீக்கிரம் அடைத்தோம். மச்சினன் வாசலில் நின்று, "மாமா, இன்னைக்குப் புதன்கிழமை இல்ல, ஆனாலும்..." என்று ஒரு பொட்டலத்தை நீட்டினான். அவள் அதை வாங்கி, திறந்து பார்த்து, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு பையில் வைத்தாள். வாய்க்கால் கரையில் மெதுவாகப் போனோம். முதல் பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள், எனக்கு அதனால் நஷ்டமில்லை. இரண்டு, மூன்று. நாலாவதில் முட்டி முணுமுணுத்தது. உட்கார்ந்தோம். பன்னைப் பிய்த்து ஆளுக்குப் பாதி. உட்கார்ந்து தின்றது, ஆகவே இடது பக்கம். தண்ணீர் போன வருஷத்தைவிட அதிகம் என்றாள் அவள். குறைவு என்றேன்.

"கிட்டப் போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில், கடைக் கணக்கு எழுதுகிற அதே கையெழுத்தில் எழுதி, என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

தர வேண்டியது, ஒன்பது கிலோ. தந்தது, எட்டு கிலோ தொள்ளாயிரம். டாக்டரம்மா கொசுறு, நூறு கிராம். அந்தக் கணக்கு நேர்.

மொத்தம் பெஞ்சு, ஆறு. நடந்தது, நாலு. பாக்கி, இரண்டு பெஞ்சும் ஒரு பாலமும்.